நாட்டாமை வந்தால் மேலே அனுப்பவும்

"நாட்டாமையா? அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க? மேல போங்க, மேல போங்க!" என்று அவசரப்படுத்தினான் வாசல் காவலாளி வலன்ரைன்.

காளியப்பன் அசையவில்லை. கைவண்டி நிறைய அரிசிமா மூட்டைகள். புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் இழுத்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"தம்பி, மூட்டைய இறக்கிட்டு வாரேன்."

"மூட்டை எங்கயும் ஓடிப் போகாது அண்ணே. செக்கரட்டரி ஐயா கண்டிப்பாச் சொல்லிட்டார். நாட்டாமை வந்தா வாசல்ல நிக்க வைக்காத, உடனே மேல அனுப்புன்னு. நான் வத்தளையில இருந்து புதுசா வேலைக்கு வந்தவன். என்ட வேலைக்கு உலை வச்சிராதீங்க."

கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவன். அவனைத் தள்ளி நில் என்பார்கள், பின்வாசலால் வா என்பார்கள். மேலே போ என்று யாரும் சொல்லிக் காளியப்பன் கேட்டதில்லை. கூலியை மேலேதான் கொடுக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

கூலிதான் அன்றைக்குப் பெரிய விசயம். அந்த மண்டபத்தில் வட்டாரச் சபையின் புதுத் திட்டம் அன்று ஆரம்பம். ஊர்க்காசு ஊருக்குள்ளேயே சுற்றட்டும் என்று, 'ஊர்ச் சல்லி ஊருக்கே' எனும் பதாகையை வாசலில் கட்டியிருந்தார்கள். இனிமேல் சபைக்கு வேண்டிய, கூட்டுகிற தும்புத்தடி, தேத்தண்ணி, சாப்பாடு எல்லாம் பெரிய கம்பனிகளிடம் இல்லையாம், சுற்றியிருக்கிற தெருக்களிலேயே வாங்குவார்களாம். வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்கிற பெண்களுக்குச் சபையே மொத்த விலையில் மா எடுத்துக் கொடுக்குமாம். அந்த மாவை மண்டபத்தில் இறக்குகிறவன் கையிலேயே கூலியையும் கொடுக்குமாம்.

இதுவரைக்கும் கூலி, வண்டிக்குச் சொந்தக்காரரான தண்டாயுதபாணி முதலாளியின் மேசைக்குப் போகும். அங்கே வண்டி வாடகை கழியும், கயிற்று வாடகை கழியும், முதலாளி குடித்த பிளேன்டீயும் சில நாட்களில் கழியும். காளியப்பனிடம் வந்து சேரும்போது அது காய்ச்சலில் கிடந்து எழும்பியதுபோல மெலிந்திருக்கும். இன்றைக்குத்தான் முதல்முறையாக முழுக்கூலி. மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. வரும்போது புதுச் சப்பாத்தோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

படியேறியதும் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர்தான் செக்கரட்டரி வரதராசா. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பிரசங்கம் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார்.

"வாங்கோ வாங்கோ! நீங்கள்தானே நாட்டாமை?"

"ஆமாங்க."

"இந்தியாதானே?"

காளியப்பன் பிறந்தது கொட்டாஞ்சேனை, வளர்ந்தது கொட்டாஞ்சேனை, கடலைக்கூடக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் இந்தக் கேள்வியை அவனிடம் கேட்காத ஐயாமார் கிடையாது. இல்லை என்றால் தகப்பன் எங்கே, பாட்டன் எங்கே என்று கதை நீளும். வேலை கெடும். ஆகவே எல்லாருக்கும் சொல்கிற பதிலை இவருக்கும் சொன்னான்.

"ஆமாங்க. திருச்சிப் பக்கம்."

"ஃபோனில பேர் வடிவாக் கேக்கேல்லை..."

"காளியப்பனுங்க."

"அப்பிடித்தான் கேட்டது!" என்ற வரதராசா, அவன் கையைப் பிடித்து நேரே மேடைக்கு இழுத்துப் போய், சபைத் தலைவி சரோஜினிதேவிக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். யாரோ மாலை போட்டார்கள். மல்லிகை காளியப்பனின் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது.

கூலி கொடுப்பதற்கு இவ்வளவு சடங்கா என்று அவனுக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. முன்வரிசையில் அப்பக்காரப் பெண்கள் கைதட்டினார்கள். வரதராசா மைக்கைப் பிடித்தார்.

"தமிழ்நாட்டில ஒரு ஊர். அந்த ஊர்ச் சனம் தங்கட சாமானைத் தங்களுக்குள்ளயே வாங்கி வித்து, கடனில்லாமல் நிமிர்ந்து நிக்குது. அதைச் செய்து காட்டினது ஆர்? புரொபெசரோ? பாங்க் மனேச்சரோ? இல்லை! ஒரு நாட்டாமை! அனுபவம் சொல்ல ஒருத்தரை அனுப்புங்கோ எண்டு கேட்டம். எங்கட நாட்டாமையையே அனுப்புறம் எண்டு சொல்லிச்சினம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. மூட்டை தூக்கிற ஒரு மனிசனை மேடையில இருத்தாமல் என்ன நியாயமான பொருளாதாரம்?"

மண்டபம் அதிர்ந்தது. மாலை வேறு யாருக்கோ போட வேண்டியது என்று காளியப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. வரதராசா கதிரைக்கு வந்ததும் அவர் காதருகே குனிந்தான்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சுங்க. நான் சும்மா மூட்டை தூக்குறவனுங்க."

"தெரியும்! அதுக்குத்தானே கூப்பிட்டனாங்கள்!"

"அது இல்லீங்க. நான் கொட்டாஞ்சேனைக்காரன்."

வரதராசா நெஞ்சில் கைவைத்தார். "கேட்டீங்களே மேடம்? வந்து இறங்கின கையோட எங்கட ஊரைத் தன்ர ஊர் எண்டு சொல்லுறார்."

"என்ன மனம்!" என்றார் சரோஜினிதேவி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் அப்பக்கார ஸைனம்பு மட்டும் கைதட்டவில்லை. கண்ணைச் சுருக்கி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்மட காளியப்பன் தானே?" என்று பக்கத்திலிருந்த பிறிஜெற்றின் விலாவில் இடித்தாள்.

"சும்மா இரு ஸைனம்பு. அவரு இந்தியாவில இருந்து வந்தவராம்."

"நேத்து அந்திக்கும் என்ட அடுப்படியில குந்தி முட்டையப்பம் தின்ன மனிசன். எப்ப இந்தியா போன, எப்பத் திரும்பி வந்த?"

"ஷ்ஷ்! மா குடுக்கிற நேரம். ஏதும் சொல்லிக் குழப்பிறாத."

மா என்றதும் ஸைனம்பு வாயை மூடிக்கொண்டாள். காளியப்பனுக்கும் மாவின் நினைவு வந்தது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வண்டி வெளியே நிற்கிறது. ஒரு மூட்டை நனைந்தாலும் முதலாளி அவனைத்தான் பிழிவார்.

"ஐயா, கீழ மா மூட்டை வண்டியிலயே கிடக்குதுங்க. இறக்கணும். மழை வருது."

வரதராசா அவன் தோளை அழுத்தினார். "நீங்கள் இருங்கோ. மேடையில இருந்தும் இன்னொரு நாட்டாமையின்ர பாரத்தை நினைக்கிறீங்கள். அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஜன்னலால் எட்டிக் கீழே கத்தினார். "வலன்ரைன்! இனி நாட்டாமை எண்டு ஆரும் வந்தால் மேல அனுப்பாதேயும்! முதல்ல மூட்டையை இறக்கச் சொல்லும்! இறக்கி முடிஞ்ச உடன கூலியைக் கையில குடும்!"

"சரி சேர்!"

காளியப்பனுக்கு இடி விழுந்ததுபோல் இருந்தது. அவன் வண்டி, அவன் இழுத்த மூட்டை, இறக்கப்போவது எவனோ. இறக்குகிறவன் கையில் கூலி என்பது சபை போட்ட சட்டம். புறக்கோட்டையில் வேலையில்லாமல் திரிகிற எந்த நாட்டாமையின் மூக்கிலும் இந்நேரம் வாசம் ஏறியிருக்கும்.

எழும்பினான். மண்டபமும் மரியாதைக்கு எழும்பியது. இருந்தான். மண்டபமும் இருந்தது. மெல்ல மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து பார்த்தான். சரோஜினிதேவி அவன் கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துத் திரும்பவும் இருத்தினார்.

"பயப்படாதேங்கோ. எங்களுக்கும் மேடை எண்டால் முதல்ல கை நடுங்கினதுதான். மனசில உள்ளதைக் கதையுங்கோ, போதும்."

மைக்கை அவன் முன்னால் நகர்த்திவிட்டார்கள். அவன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலுக்கும் கைதட்டினார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. என் வண்டி வெளிய நிக்குது."

வரதராசா துள்ளி எழும்பினார். "கேளுங்கோ! உழைக்கிறவன்ர வண்டி இன்னும் வெளியிலதான் நிக்குது! எவ்வளவு ஆழமான கதை!"

"ஆழம் ஒண்ணும் இல்லீங்க. உள்ள விட இடமில்ல, போலீசும் வந்து தள்ளச் சொல்லும்."

"உண்மை! வண்டி நிப்பாட்ட ஒரு முழ இடம் இல்லை!" சரோஜினிதேவி உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஸைனம்பு ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மா இறக்கிறாங்க! மா இறக்கிறாங்க!" என்று கூவினாள்.

காளியப்பனும் மேடையிலிருந்தே கழுத்தை நீட்டினான். கீழே ஒரு ஆள். வேட்டியை மடித்துக் கட்டி, சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு, பெரிய மீசையோடு ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளாடினான். மூட்டையை முதுகில் ஏற்றத் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சில் அணைத்திருந்தான். வாய் பிரிந்து மா கொட்டி, மீசைவரை வெள்ளை. பக்கத்தில் வலன்ரைன் கூலிக் கவரோடு நின்றான்.

காளியப்பனுக்கு மைக் மறந்துபோனது. மாலை மறந்துபோனது.

"அடப்பாவி! இழுத்துட்டு வந்தது நானு! வேர்வை என்னது! கூலி அவனுக்கா? ஏத்தத்துல ஒருத்தன் சாகணும், வாசல்ல ஒருத்தன் வாங்கிட்டுப் போகணுமா? இது என்னங்க நியாயம்?"

அடுத்த கணம் கூரை பறந்துவிடும்போலக் கைதட்டல். ஸைனம்புவே விசில் அடித்தாள். மேடையில் இருக்கிறவன் காளியப்பனோ இல்லையோ, சொல்கிறது சரி என்று அவளுக்குப் பட்டது. சரோஜினிதேவி மைக்கைப் பறித்தார்.

"ஐயா எங்கட திட்டத்தில ஒரு பெரிய ஓட்டையைக் காட்டிப்போட்டார்! இந்த நிமிசத்தில இருந்து, இழுத்து வந்தவருக்கு இழுத்த கூலி, இறக்கினவருக்கு இறக்கின கூலி. ரெண்டையும் சபை நேராக் குடுக்கும். மண்டபத்துக்குப் பக்கத்து வெறுங்காணி இனி கைவண்டிகளுக்கு!"

இதில் ஒன்றும் காளியப்பன் காதில் விழவில்லை. அவன் மாலையோடு படிகளில் பாதியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தான். பிரதம விருந்தினர் மக்களிடம் இறங்கிப் போகிறார் என்று வரதராசா பின்னால் ஓடினார். அவர் பின்னால் தலைவி, அவர் பின்னால் அப்பக்காரப் பெண்கள், கடைசியில் தேத்தண்ணி ஊற்றியவர்கள்.

வாசலில் காளியப்பன் அந்த மீசைக்காரனின் கையைப் பிடித்தான்.

"யாருய்யா நீ? என் வண்டியில கைய வைக்க எவன் சொன்னது?"

"இவுகதான் சொன்னாக," என்று மூச்சிரைத்தபடி அந்த மனிதர் வலன்ரைனைக் காட்டினார். குரலில் கோபம் இல்லை. ஏதோ நேர்த்திக்கடனை நிறைவேற்றியவர்போல முகம் மலர்ந்திருந்தது.

"நான் என்ன செய்ய அண்ணே?" என்றான் வலன்ரைன். "வந்தார். நான் நாட்டாமை எண்டார். முதல்ல மூட்டைய இறக்குங்க எண்டேன். ஒரு மாதிரிப் பாத்தார். பிறகு, ஓ அப்படியா எண்டுட்டு சட்டையைக் கழட்டினார். ஆனா வேலை சுத்தமாத் தெரியாது. கூலியக் குடுத்தா வேணாமாம். கூலி வேணாம்னு சொல்ற நாட்டாமைய நான் இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

"வேணாமா?" காளியப்பனின் கை தானாகவே நீண்டது.

"இவருக்கே குடுங்க தம்பி. பாவம், இழுத்துட்டு வந்தவரு," என்றார் அந்த மனிதர்.

"ரெண்டு கூலியும் இவருக்குத்தான்!" என்று படியிலிருந்து சரோஜினிதேவி கத்தினார். யாருக்கு எதற்காக என்று அவருக்கே விளங்கியிருக்காது. கவர் காளியப்பனின் மடிக்குள் போய்விட்டது. சப்பாத்தோடு காலுக்கு மேஸும் வாங்கலாம் என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

"சரி மனிசா, நீ எந்தப் பக்கத்து நாட்டாமை?" என்று ஸைனம்பு அந்த மனிதரின் மீசையிலிருந்து மாவைத் தட்டிவிட்டாள். "என்ட பாதி மாவ உடம்புல பூசிட்டு நிக்கிறாய்."

வரதராசா மா படிந்த அந்த முகத்தையும், மாலை போட்ட காளியப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது.

அந்த மனிதர் மதிலில் கிடந்த சட்டையை எடுத்து உதறி, எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"திண்டுக்கல் பக்கமுங்க, வர்ற வழியில வண்டி டிராபிக்ல மாட்டி லேட்டாயிருச்சு, எங்க ஊர்ல நாட்டாமைன்னா சேர்ல உக்காந்து தீர்ப்புச் சொல்ற ஊர்த்தலைவருங்க, உங்க ஊர்ல அந்த நாட்டாமையே மொதல்ல மூட்டை தூக்கணும்னு இந்தத் தம்பி சொன்னப்பத்தான் உங்க திட்டம் எம்புட்டுப் பெருசுன்னு புரிஞ்சுது... சரி, என்னைப் பேச எப்பங்க கூப்பிடுவீங்க?"