கவர்னருக்கு உடம்பு சரியில்லை

அன்று காலை கவர்னர் கூவவில்லை.

கவர்னர் என்பது என் சேவல். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வைத்த பெயர். மார்பை முன்னே தள்ளி அவர் நடக்கும் நடைக்கு அதைவிடச் சின்னப் பதவி பொருந்தாது. ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தப் பெயரைத் தெருவில் சொல்ல முடியவில்லை. வாய் தவறி "கவ..." என்று ஆரம்பித்து, யாராவது திரும்பிப் பார்த்தால் "கவனம், கவனம்" என்று முடித்துவிடுவேன். நாங்கள் குடியிருந்த காஜா பெராங் தெரு முழுக்க ராஜரத்தினம் ரொம்ப ஜாக்கிரதையான மனிதன் என்று எனக்குப் பெயர்.

1943-ஆம் வருஷம், மலாய் நாட்டில் ஜப்பான்காரன் ஆட்சி. காலையில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றோம். மத்தியானம் துருவித் தின்றோம். இரவுக்கு என்ன என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி முன்னால் தள்ளி ஜப்பான் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் ரப்பர் கிடங்கில் எடை எழுதுகிற கிராணி, அதாவது குமாஸ்தா. நாலு மணிக்கு வேலை முடியும். ஐந்து மணிக்கு மூலைக் காப்பிக் கடையில் இருப்பேன். காப்பி என்றால் காப்பி அல்ல, வறுத்த சோளத்தைக் கரைத்த தண்ணீர். ஆனால் சீட்டுக்கட்டு நிஜமானது. பக்கத்து வீட்டுத் தேவதாஸ், எதிர்வீட்டுக் கலியாணசுந்தரம், நான். ஒரு பீடிதான் பந்தயம். உலகமே சண்டை போட்டாலும் அந்த இரண்டு மணி நேரம் எனக்குச் சமாதானம்.

இப்போது கவர்னர் பப்பாளி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கொண்டை தொங்கியது. ஒரு கண் மூடியிருந்தது, மறு கண் யோசித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, வலது பக்கம் இரண்டு அடி வைத்து, இடது பக்கம் விழுந்தார்.

என் மனைவி பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டேன்.

"பாக்கியம், இங்க வா. இதுக்கு என்னமோ ஆயிடுச்சு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "ஐயையோ, சீக்குங்க. பின்வீட்டு சீதா அக்காவைக் கூப்பிடவா? அவங்களுக்குக் கோழி வைத்தியம் தெரியும்."

சீதா அக்கா கம்போங் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன் இங்கேயே குடியேறிவிட்ட செட்டிகளின் வம்சம். பட்டை பட்டையாகத் திருநீறு பூசியிருப்பார். பேசுவது முழுக்க மலாய். அவர் புருஷன் ஒரு ஜப்பானிய அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்தார். என் மலாய் வெங்காயம் வாங்குவதோடு நின்றுவிடும். பாக்கியத்தின் மலாய் சீதா அக்காவோடு வேலிக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்தது.

சீதா அக்கா வாழை இலையால் மூடிய ஒரு கிண்ணத்தோடு வந்தார். சேவலின் அலகைத் திறந்து பார்த்தார். "ஆயாம் சாக்கிட்," என்றார். கோழிக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கே தெரியும். பிறகு இன்னும் நாலு வார்த்தை சொன்னார்.

பாக்கியம் அதைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிஷம் ஆனது.

"சாயங்காலந்தான் இந்தச் சீக்கு முத்துமாம். நாலரை மணியிலேருந்து பொழுது சாயற வரைக்கும் வளர்த்தவங்க மடியிலேயே வச்சிருக்கணுமாம். மடிச்சூடுதான் மருந்து. அரை மணிக்கு ஒருக்கா இஞ்சித் தண்ணி. றெக்கைக்குக் கீழ தேங்காய் எண்ணெய். வெளிக்காத்து படக்கூடாது. பத்து நாள்."

"நாலே வார்த்தையில இவ்வளவா?"

"மலாய் சிக்கனமான பாஷைங்க."

"உன் மடியில வச்சுக்கயேன்."

"என்னை எங்க மதிக்குது அது? உங்களைக் கண்டாத்தானே வாலை விரிக்குது."

அந்த வார்த்தையில் விழுந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அது இரண்டாவது தடவை.

அன்றிலிருந்து என் தினசரி வாழ்க்கை மாறியது. நாலரைக்கு வீடு. கால் கழுவி, ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்து, மடியில் சாக்கு, சாக்கின் மேல் கவர்னர். இஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து அலகில் சொட்டுவேன். எண்ணெய் தடவுவேன். அவர் என் முழங்கையில் தலை சாய்த்துக் கண் மூடுவார். சில சமயம் விக்கினார். ஒரு தடவை, எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, தூக்கத்தில் பாடினார்.

நான் பயந்துபோனேன். "ஜன்னி கண்டிருக்கு," என்றேன்.

"அப்போ நீங்க எழுந்திருக்கவே கூடாது," என்றாள் பாக்கியம்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஜன்னலில் கலியாணசுந்தரத்தின் தலை தெரிந்தது. தலை மட்டும்.

"என்னய்யா, கடைக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"எப்படிப் போறது? இருக்கிறது ஒரே வேட்டி. பொன்னம்மா அதை ஊறப் போட்டுட்டா."

"ஊறட்டும், நாளைக்குக் காயும்."

"மூணு நாளா ஊறுது, ராஜரத்தினம். கேட்டா அழுக்கு இன்னும் மனசு மாறலைங்கிறா. நான் கோணிச் சாக்கைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு அத்தாப்பு ஓலைக் கூரையில் தேவதாஸ் உட்கார்ந்திருந்தான்.

"நீ அங்க என்ன பண்றே?"

"கூரை ஒழுகுதுன்னு விஜயா ஏத்திவிட்டா. ஏணியைக் கேட்டா, யாருக்கோ இரவல் கொடுத்திட்டாளாம். பொழுது சாய்ஞ்சாதான் ஏணி திரும்பி வருது. தினமும் இதே கதை. மழையே இல்லை, எங்க ஒழுகுதுன்னு எனக்கே தெரியலை."

இரண்டு பேரையும் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவர்கள். ஒருத்தனை வேட்டியில்லாமல் நிறுத்தியிருக்கிறாள், ஒருத்தனைக் கூரையில் ஏற்றியிருக்கிறாள். நான் அப்படியல்ல, என் விருப்பப்படி என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, கவர்னருக்கு எண்ணெய் தடவினேன்.

எட்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டுக்கட்டு கண்ணுக்குள் வந்தது. எழுந்து, சேவலைப் பலகையில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

"ஒரே ஒரு மணி நேரம். ஆள் இல்லாட்டி கடைக்காரரோட பேசிட்டு வந்திடறேன்."

பாக்கியம் சண்டை போடவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. "சரிங்க. திரும்பி வரும்போது அது உயிரோட இருந்தா உங்க அதிர்ஷ்டம்."

வேலிப் படலைத் திறந்தேன். பின்னால் 'தொப்' என்று சத்தம். கவர்னர் பலகையிலிருந்து மல்லாக்க விழுந்து, இரண்டு காலையும் வானத்துக்குக் காட்டிக் கிடந்தார். நான் ஓடி வந்து வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் அடித்தது, நல்லவேளை.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது.

பாக்கியம் போய்க் கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. லாரி எங்கள் வாசலைத் தாண்டி மூலையில் நின்றது. பூட்ஸ் சத்தம். யாரோ ஜப்பானியில் கத்தினார்கள். பெஞ்சு ஒன்று உருண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு லாரி கிளம்பிப் போனது. சத்தம் தேய்ந்த பிறகும் அவள் தாழ்ப்பாளை விடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பொழுது சாய்ந்து ஏணி வந்ததும் தேவதாஸ் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். அத்தாப்பில் குப்புறப் படுத்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். உதடு காய்ந்திருந்தது.

"சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தாங்கடா. ரயில் பாதை போட. மூலைக் கடையில கடைக்காரக் கிழவரைத் தவிர ஒரு குருவி இல்லை. அடுத்த தெருவுக்குப் போனாங்க. அங்க சாராயக் கடையில ஏழு பேர். ஏத்திட்டாங்க."

அந்த ஏழு பேரில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. சேவலை அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த ஜீவனுக்கு இன்றைக்கென்று உடம்பு மோசமாகாமல் இருந்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று நினைக்க நினைக்க, கடவுளே சேவல் உருவத்தில் வந்தார் என்று தோன்றியது. பாக்கியத்திடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் கவர்னர் கூவினார். முன்பைவிட உரக்கக் கூவினார். ஆசையாகத் தூக்கி அலகில் முத்தம் கொடுக்கப் போனேன். குப்பென்று ஒரு வாடை அடித்தது. இனிப்பும் புளிப்புமாக. எனக்குத் தெரிந்த வாடை. சீதா அக்கா மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்துச் செய்கிற தாப்பாய். நாலு கவளம் தின்றால் ஆளே ஆடிப்போவான்.

அடுப்பங்கரைக்குப் போனேன். மூலையில் வாழை இலை மூடிய கிண்ணம். பாதி காலி.

"பாக்கியம், சேவலுக்கு என்ன சீக்கு?"

அவள் கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "போதைங்க."

"பத்து நாளாவா?"

"முதல் உருண்டையை விடியறதுக்கு முந்தியே சீதா அக்காகிட்ட வேலி வழியா வாங்கிட்டேன். அப்புறம் தினமும் காலையில ஒரு உருண்டை, நீங்க வர்ற நேரத்துக்கு ஒரு உருண்டை. நேத்து நான் கொடுக்கலை, அதுவா திருடித் தின்னுடுச்சு. பழகிடுச்சு போல."

எதிர்வீட்டைக் காட்டினேன். "வேட்டி?"

"பொன்னம்மா யோசனை."

"ஏணி?"

"அது நம்ம வீட்டுக் கொல்லையிலதான் இருந்துச்சு. சீதா அக்கா வீட்டுக்காரர் அதிகாரிக்குப் பரிமாறும்போது கேட்டிருக்காரு. பத்து நாளைக்குள்ள, சாயங்காலம், கடை கடையா வரப்போறாங்கன்னு. எந்த நாள்னு மட்டும் தெரியலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சொன்னா நீங்க நேரா கடைக்குப் போய் அதைப் பத்தித்தான் பேசியிருப்பீங்க. யார் சொன்னதுன்னு கேட்டா அதையும் சொல்லியிருப்பீங்க. அந்த மனுஷன் தலை போயிருக்கும்." கத்தியைக் கீழே வைத்தாள். "அடுத்த தெருப் பொம்பளைங்க, யார் சொன்னதுன்னு சொல்லாம, புருஷங்ககிட்ட நேராவே எச்சரிச்சாங்க. அவங்க சிரிச்சுட்டுச் சாராயக் கடைக்குப் போயிட்டாங்க."

இருந்தாலும் ஒரு புருஷனுக்கு மிச்சமிருக்கிற மரியாதையை நான் காப்பாற்றியாக வேண்டும்.

"அதுக்காக வாயில்லாத ஜீவனைக் குடிகாரனாக்கணுமா? உனக்குக் காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்து நாளும் உன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேனே."

பாக்கியம் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"சேவலுக்குச் சீக்கு வர்றதுக்கு முந்தின நாள் எனக்குத்தாங்க காய்ச்சல்னு சொன்னேன், கஷாயம் போட்டுக் குடின்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டீங்க."