மிச்சம் அண்ணா குடித்த கடைசி மடக்கு

காரை விட அதன் பேட்டரியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கீழ் கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு மேலே குடியிருந்தார். ஊரே அவரை ‘மிச்சம்’ என்றது. சொந்தப் பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும்.

எதிலும் கொஞ்சம் மிச்சம் வைப்பது அவர் கொள்கை. டீயில் கடைசி மடக்கைக் குடிக்க மாட்டார். சோப்பு தேய்ந்து வில்லையானதும் புதுசைப் பிரிப்பார். பழசு ஜன்னலில் காத்திருக்கும். சம்சாரத்தோடு சண்டை வந்தால்கூடப் பாதியில் எழுந்து, மீதியை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போய்விடுவார். அந்த அக்காவுக்கு அதுதான் பெரிய கோபம்.

பச்சைத் தேயிலை விலை பறிக்கிற கூலிக்கே கட்டாமல் விழுந்தபோது, தன் சின்னத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கோயமுத்தூரில் யாரோ கைகழுவிய எலெக்ட்ரிக் காரை வாங்கிவந்து வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அதன் பேட்டரிக்கு வயதாகியிருந்தது. விற்கும்போது சொன்ன தூரத்தில் பாதி போனாலே அதிசயம். மலை ஏறினால் அதிலும் பாதி.

ஆகவே ஒரு சட்டம் போட்டார். இருபது பர்சென்டுக்குக் கீழே சார்ஜ் இறங்கக் கூடாது. ஹீட்டர் கிடையாது. தேனிலவு ஜோடிகள் நடுங்கினால் ஆளுக்கொரு கம்பளியை நீட்டுவார். “ஹீட்டரு கிலோமீட்டரைத் தின்னுங்க. கம்பளி என்னத்தத் தின்னுது?” மனிதர்களின் எடையையும் அவர் கிலோமீட்டரில்தான் சொல்வார். பருத்த நகைக்கடைக்காரர் ஒருவரை ஏற இறங்கப் பார்த்து, ஐயாவே ஆறு கிலோமீட்டர் வருவீர்கள் என்று சொல்லி ஒரு நல்ல சவாரியை இழந்தார்.

மேட்டுப்பாளையம் இறக்கம் என்றால் மட்டும் முகம் மலரும். இறங்கும்போது சக்கரம் சுற்றியே பேட்டரி ஏறும். அதற்காகவே கிளம்பும்போது முழுசாகச் சார்ஜ் போட மாட்டார். நிறைந்த பேட்டரியில் இறக்கம் தருவதை வாங்கி வைக்க இடம் இருக்காதாம். கிளம்பியதைவிட அதிக சார்ஜோடு அடிவாரம் சேர்ந்து, சம்பளம் வாங்கியவர்போலச் சிரிப்பார்.

இருபதுக்குக் கீழே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“இருபதென்ன அம்முணி, ஜீரோவுக்குக் கீழயுங்கூட கம்பெனிக்காரன் கொஞ்சம் ஒளிச்சு வெச்சிருக்கறான். ஆனா அது நமக்கில்லீங்க.”

வேறு யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன். இலை வரத்தில்லாமல் தேயிலை ஃபேக்டரியை மூடி, அங்கே வேலை பார்த்த அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த சமயத்தில், ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடம் என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அந்த நாள் பார்த்து அடைமழை. முந்தின நாளே கரண்ட் போயிருந்தது. காலை பஸ் வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு மிச்சம் அண்ணா வீட்டுக்கு ஓடினார்.

வண்டியில் பாதி சார்ஜ்தான் இருந்தது. சமவெளியில் அது தாராளம். எங்கள் ஏற்றத்திலோ, உச்சியில் ரோடு பிரிகிற தொட்டபெட்டா பிரிவைத் தொடுமா என்பதே சந்தேகம். அதைத் தாண்டிவிட்டால் ஊட்டி வரை இறக்கம். இந்த வேலையும் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்றார் அம்மா.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டெப்னி, ஜாக்கி, கம்பளிகள், கால்மிதி என்று எல்லாவற்றையும் இறக்கினார். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் கழற்றி, கையில் எடை பார்த்துவிட்டு, திரும்ப ஒட்டினார். அம்மா கூட வர ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

“அக்கா, நீங்க அஞ்சு கிலோமீட்டருங்க.”

காலமெல்லாம் இலை மூட்டை சுமந்த அம்மா, தன்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்டெப்னிக்குக் காவலாக நின்றுவிட்டார்.

கோத்தகிரியைத் தாண்டி ஏறும்போது இருபது வந்தது. அவர் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றிச் சார்ஜ் காட்டுகிற திரையை மூடினார். “பாத்தா மனசு கேக்காதுங்க.” நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அதனால் எடை குறையும் என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் குல்லாவுக்கு அடியிலிருந்து வண்டி கத்த ஆரம்பித்தது. மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஜீரோ. பக்கத்தில், இனி ஊர்ந்துதான் போவேன் என்பதற்கு அடையாளமாக ஒரு ஆமைப் படம். அந்த நேரம் ஒரு எருமை எங்களைத் தாண்டிப் போனது. போனதோடு விடாமல் திரும்பியும் பார்த்தது.

“இன்னொரு வளைவு சாமி, ஒரே ஒரு வளைவு,” என்று அவர் ஸ்டியரிங்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் வண்டி அந்த வளைவில் செலவழித்தது. பிரிவைத் தாண்டியதும் அதன் மூக்கு மெல்லக் கீழே சாய்ந்தது. கத்தல் நின்றது. சரிவில் கொஞ்ச தூரம் உருண்டதும் அவரே குல்லாவை எடுத்தார்.

“ஒண்ணு,” என்றார். பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வதுபோல இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் குதித்து உள்ளே ஓடினேன். வேலையோடு வெளியே வந்தபோது எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிடைத்துவிட்டது என்றேன். தெரிந்த செய்திபோலத் தலையாட்டினார். அப்போதுதான் அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டு இல்லை.

“என்னங்கண்ணா, மிச்சமே வெக்கலீங்களா?”

டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியம். பிறகு சொன்னார்: “இன்னிக்குப் பரவால்லீங்க, டீச்சர்.”

அதுவரை அம்முணி என்றே கூப்பிட்டவர். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாயிற்று. முதலில் கூப்பிட்ட அந்தக் குரல் மட்டும் எனக்குள் இன்று வரை ஒரு பர்சென்ட்கூட இறங்கவில்லை.