ஊசி முறிந்த ஞாயிற்றுக்கிழமை

"சத்தம் வரல்லயே!" என்றார் கனகசூரியம்.

இசைத்தட்டு ஒழுங்காகத்தான் சுழன்றுகொண்டிருந்தது. பிளேயரின் கையும் ஒழுங்காகத்தான் அதன்மேல் படிந்திருந்தது. கையின் நுனியில் இருக்கவேண்டிய ஊசியைத்தான் காணவில்லை.

"என்னப்பா நடந்த?" மகள் தர்சினி பல்துலக்கியபடியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊசியில ஒரு தூசி இருந்திச்சு. துடைச்சன்."

"தூசி போயிற்றா?"

"ஊசியோட சேர்ந்து போயிற்று."

காலை எட்டு மணி. கல்லடியிலிருந்து அழகரத்தினம் மாஸ்டர் புறப்பட்டு, மண்முனைத் துறையில் வாகனங்களையும் ஏற்றும் 'பாதை' என்ற மிதவையில் பத்து மணிக்கு ஏறி, வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வருவது கனகசூரியத்தைப் பார்ப்பதற்கல்ல. ஒரு பாட்டைக் கேட்பதற்கு.

கனகசூரியம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். வாய்க்கால்களும் மதகுகளும் அவருக்கு உத்தியோகம், இசைத்தட்டுகள்தான் சீவியம். மொத்தம் நூற்றுப் பதினாறு. அவற்றை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. தொடுவதென்ன, அவர் இல்லாத நேரத்தில் அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடுவதுகூட அவருக்குப் பிடிக்காது. மனைவி தங்கேஸ்வரிக்குப் பாட்டென்றால் உயிர். கனகசூரியத்துக்கு நேரம் வாய்க்கும்போது, அவர் போடும் பாட்டை, அவர் போடும் அளவுக்குக் கேட்கலாம்.

இரண்டாயிரத்தேழில் வாவியின் மேற்குக்கரை முழுவதும் ஷெல்லடிக்குள் அகப்பட்டு, சனம் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடியபோது, ஒருவர் அரிசி மூட்டையைத் தூக்கினார், ஒருவர் காணி உறுதியைத் தூக்கினார். கனகசூரியம் நூற்றுப் பதினாறு தட்டுகளையும் பிளேயரையும் பாயில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, உருட்டிக்கொண்டு நடந்தார். அகதி முகாமில் நாலு மாதம். கூடாரத்துக்குள் மழை ஒழுகாத ஒரே மூலை இசைத்தட்டுகளுக்கு. ஒழுகும் மூன்று மூலைகளும் குடும்பத்துக்கு.

"ஓவசியர் வீட்டில நூத்திப் பதினாறு தட்டு இருக்கு, சோறுதான் இல்ல!" என்று முகாமே சிரித்தது.

சிரித்தால் சிரிக்கட்டும். ஊர் திரும்பியபோது ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. ஒன்றுகூட! யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும், அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னுக்கு வரும்.

அந்த நூற்றுப் பதினாறில் மகுடம் ஒன்று உண்டு. எழுபத்து நாலில் கொழும்பில் பதிவான சின்னத் தட்டு. கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவியார் ஒருவர் பாடிய தென்மோடிக் கூத்துப் பாட்டு. ஐந்நூறு பிரதிதான் அச்சடித்ததாகக் கேள்வி. அழகரத்தினம் மாஸ்டரிடமும் அதில் ஒன்று இருந்தது. யாருடைய தட்டு துல்லியம் என்று இரண்டு பேரும் எழுபத்தெட்டிலிருந்து கடிதத்திலும் கலியாண வீடுகளிலும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இரண்டாயிரத்து நாலு மார்கழியில் கடல் வந்தது. மாஸ்டரும் மனைவியும் மாடியேறித் தப்பினார்கள். அவருடைய நானூறு தட்டுகளும் போயின. ஒரு கிழமை கழித்து மணலுக்குள் ஒரேயொரு தட்டைக் கண்டெடுத்தாராம். கழுவிப் பார்த்தால், அது யாரோ வீட்டு ஆட்டோ சில்லின் வட்ட மூடி.

அதற்குப் பிறகு கனகசூரியம் சண்டை பிடிக்கவில்லை. வெல்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. "ஒருநாளைக்கு வாங்க மாஸ்டர், போட்டுக் காட்டுறன்" என்று மட்டும் எழுதினார். பாதை மூடி, முகாம் வந்து, யுத்தம் முடிந்து, அந்த ஒருநாள் இன்றைக்குத்தான் வந்திருந்தது.

"தையல் ஊசியொண்டு கொண்டா புள்ள" என்றார்.

தையல் ஊசியைக் குறட்டால் நறுக்கி, பசை வைத்து ஒட்டியாயிற்று. பரீட்சைக்கு, தன்னிடமிருந்த தட்டுகளிலேயே மரியாதை குறைந்த ஒன்றை எடுத்தார். எப்போதோ இலவசமாகக் கிடைத்த சவர்க்கார விளம்பரத் தட்டு அது. கோழியைக் குடத்துக்குள் போட்டு அமுக்கினாற்போல் ஒரு சத்தம் வந்தது.

"பாரம் காணாது" என்று கையின்மேல் ஒரு பித்தளை நட்டை வைத்தார். தட்டு திணறியது. இன்னொரு நட்டு வைத்தார். உள்ளே 'டப்' என்றது. எழுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து உழைத்த றப்பர் பெல்ற் அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு இளையதம்பியைக் கூப்பிட்டார்கள். வயல்வட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களைத் திருத்துவதில் அவனை அந்தப் பக்கத்தில் மிஞ்ச ஆளில்லை. அவன் சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி மாட்டினான். சுவிட்சைப் போட்டான்.

சவர்க்கார விளம்பரம் நாலு செக்கனில் முடிந்தது. தட்டு எழும்பி, கதவால் பறந்து, முற்றத்தில் உருண்டு, கோழிகளைக் கலைத்துவிட்டு வேலியில் போய்ச் சாய்ந்தது.

"டேய், இது றெக்கோட் பிளேயர்டா! தண்ணி மோட்டரில்ல!"

"சுத்துறதெல்லாம் மோட்டர்தான் அண்ணன். கொஞ்சம் பொறுங்க, வேகத்தக் குறைச்சுத் தாறன்."

பிளேயரைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, எதையோ எதனோடோ தொட்டான். சின்னதாக நீலப் புகை ஒன்று எழும்பிக் கூரைக்குப் போனது. பிறகு நிமிர்த்தி வைத்தான். சுழல்மேடை அழகாக, நிதானமாகச் சுழன்றது.

"பாத்தீங்களா? வேகம் சரி."

"சத்தம்?"

இளையதம்பி பெட்டியில் காதை வைத்துப் பார்த்தான். "சத்தம் போச்சு அண்ணன். அது இனி கொழும்புக்குக் கொண்டுபோனாலும் சரிவரா."

மணி ஒன்பதரை. தங்கேஸ்வரி குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "துறையடிக்கு ஆள் அனுப்பி, பழுதாப் போச்சுதெண்டு சொன்னா என்ன? அவர் நல்ல மனுசன்தானே."

"முப்பத்திரண்டு வருசமா என்ட பிளேயர நொண்டி நொண்டியெண்டு சொல்லித் திரிஞ்ச மனுசன்கா அவர்!" என்றார் கனகசூரியம். பிறகு குரல் தணிந்தது. "அவருக்கிட்ட ஒண்டுமில்லகா இப்ப. வெறுங்கையோட வந்து வெறுங்காதோட போறதா?"



"அப்பா" என்றாள் தர்சினி மெதுவாக. "அந்தப் பாட்டு என்ட போன்ல கிடக்கு."

கனகசூரியம் நிமிர்ந்தார். போனில் இருப்பது பாட்டல்ல, பாட்டின் சாம்பல் என்று அவர் வாசிகசாலைத் திறப்பு விழாவில் பேசிக் கைதட்டு வாங்கியவர்.

"உன்ட போனுக்கு அது எப்பிடி வந்த?"

"எல்லாற்ற போன்லயும் இருக்கப்பா. பஸ்ஸில போடுறாங்க, கலியாண வீட்டு வேன்ல போடுறாங்க. நீங்கதான் காதப் பொத்திக்கொண்டு போறீங்க."

அவர் நாற்காலியில் இருந்தார். எழும்பினார். மறுபடி இருந்தார். தூரத்தில் பாதையின் மணிச்சத்தம் கேட்டாற்போல் இருந்தது.

"போடு" என்றார்.

தர்சினி பாலர் பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் அவளிடம் இருந்தன. இளையதம்பி அவற்றைப் பிளேயரின் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, வயரைப் பின்பக்க யன்னலால் வெளியே விட்டான். வெளியே, யன்னலுக்குக் கீழே, தர்சினி போனோடு குந்தியிருப்பாள். அப்பா ஊசியை வைத்ததும் ஒருதரம் இருமுவார். அவள் பாட்டைத் தொடக்குவாள்.

அழகரத்தினம் மாஸ்டர் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் குடையுமாக வந்து இறங்கினார். காத்தான்குடி அஹமட்டின் ஆட்டோவில் வந்திருந்தார். அஹமட் வாசற்படியிலேயே இருந்துவிட்டான். இளையதம்பி அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தான்.

"இன்னும் அதே நொண்டிதானா?" பிளேயரைப் பார்த்ததும் மாஸ்டர் கேட்டார். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. தட்டின் உறையை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "நான் கண்ண மூடிக்கொண்டுதான் கேப்பன், குறைநினைக்காதீங்க" என்று சாய்ந்து கண்ணை மூடினார்.

கனகசூரியம் உறையைப் பிரிக்கத் தொடங்கினார். அறையில் அந்த நீலப் புகையின் நெடி இன்னும் நின்றது. தொண்டை அரித்தது. அடக்கினார். அடக்க முடியவில்லை. இருமிவிட்டார்.

அண்ணாவியார் கணீரென்று பாடத் தொடங்கினார். தட்டு இன்னும் உறைக்குள் இருந்தது.

அவசர அவசரமாகத் தட்டை உருவி, வைத்து, சுழலவிட்டு, கையை இறக்கி, நெற்றியைத் துடைத்தார். மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்களின் ஓரத்தால் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இதுதான்" என்றார் மாஸ்டர். "இதுதான் அது. அந்த மத்தளத்தக் கேளுங்க ஓவசியர். போன்ல வருமா இது?"

"வரா" என்றார் கனகசூரியம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"போன்ல நானும் கேட்டனான். ஆட்டோவில போட்டாங்க. உயிரில்ல."

இளையதம்பி கூரையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்று, 'டிங்டொங் டிங்டொங்' என்று ஒரு மணி நாலுதரம் அடித்து ஓய்ந்தது. யாரோ தர்சினிக்குப் போன் எடுத்திருந்தார்கள். அண்ணாவியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"அதென்ன?"

"அந்தக் காலத்துப் பதிவுதானே மாஸ்டர். பக்கத்துக் கட்டடத்தில டெலிபோன் அடிச்சிருக்கும்."

"எழுபத்தி நாலில டெலிபோன் இப்பிடியா அடிச்ச?"

"கொழும்பில அப்பிடித்தான் அடிச்ச."

மாஸ்டர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார். "என்ட தட்டில அது விழல்ல. உங்கடதுதான் துல்லியம்."

முப்பத்திரண்டு வருடமாகக் கனகசூரியம் கேட்கக் காத்திருந்த சொல் அது. அது வந்தபோது அவருக்குச் சுவருக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

பாட்டு முடிந்தது. கனகசூரியம் பிளேயரின் கையைத் தூக்கினார். தட்டை நிறுத்தினார். தப்பிவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டார். பெட்டிக்குள்ளிருந்து முப்பது பிள்ளைகள் ஒரே குரலில், "வாத்து நடக்குது குவாக் குவாக்!" என்று பாடத் தொடங்கினார்கள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். தட்டு நிற்கிறது. பிளேயரின் கை கனகசூரியத்தின் கையில் இருக்கிறது. பெட்டி குவாக் குவாக் என்கிறது.

யன்னலுக்கு வெளியே "ஐயோ, நிக்குதில்லயே" என்று ஒரு குரல் கேட்டது. பிறகுதான் பாட்டு நின்றது.

கனகசூரியம் கையை மெல்ல அதன் இடத்தில் வைத்தார். "மாஸ்டர், நான் உங்கள ஏமாத்திப்போட்டன். இண்டைக்குக் காலையில ஊசி முறிஞ்சு போயிற்று. பிறகு எல்லாம் முறிஞ்சு போயிற்று. நீங்க கேட்டது புள்ளேர போன்."

மாஸ்டர் கண்ணைத் துடைத்த கைலேஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் அழுதது போனுக்கா?"

"ஓம் மாஸ்டர்."

ஷெல்லடிக்குள் சைக்கிள் உருட்டியபோது குனியாத தலை அது. இப்போது குனிந்துவிட்டது. வாசிகசாலைப் பேச்சு அவருக்கு நினைவு வந்தது. கைதட்டியவர்களின் முகங்களும் ஒவ்வொன்றாக நினைவு வந்தன.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சுழல்மேடையிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார். வேட்டித் தலைப்பால் ஒருதரம் துடைத்தார். உறைக்குள் இட்டு மாஸ்டரிடம் நீட்டினார்.

"கொண்டுபோங்க. இதையாவது பொய்யில்லாமத் தாறன்."

இளையதம்பியின் வாய் திறந்தபடியே நின்றது. அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வெளியே போவதென்பது, வாவி எழும்பி மலையேறுவது போன்ற விசயம். மாஸ்டர் எழும்பி நின்று வாங்கிக்கொண்டார்.  

"அந்தத் தட்ட இந்த வீட்டுப் படி தாண்ட நான் ஒருநாளும் விட்டதில்ல மாஸ்டர்" என்றார் கனகசூரியம். தோற்ற நிலையிலும் அந்தப் பெருமை ஒன்றாவது மிச்சமிருந்தது. "ஒருத்தரும் இரவல் கேட்டு வாங்கினதில்ல. ஒரு கைகூடப் பட்டதில்ல."

புருசனின் குரல் உடைந்ததைக் கேட்டு, தங்கேஸ்வரி அன்றைக்கு முதல்தரமாகக் குசினியை விட்டு வெளியே வந்தாள். அதே நேரம், வெறும் கோப்பையைக் கொடுப்பதற்காக அஹமட் வாசலால் உள்ளே வந்தான். அவளைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

"அட, அக்காட வீடா இது! கடல் வாறதுக்கு முந்தி, அந்தச் சமாதான காலத்தில ஐயா வட்டைக்குப் போற நாளாப் பாத்து, சீலைக்குள்ள சுத்தி ஒவ்வொரு தட்டாக் கல்லடியில என்ட ரெக்கோடிங் கடைக்குக் கொப்பி எடுக்கக் கொண்டு வருவீங்களே. கடையக் கடல் கொண்டுபோனாலும், இண்டைக்கு ஊரில எல்லாற்ற போன்லயும் பாடுறது உங்கட அந்தத் தட்டுகள்தானே அக்கா!"