என் பெயருக்கு ஒரு கழுதை

என் பெயரை விற்கப் போவதாக என் கணவர் அறிவித்தபோது நான் மிளகாய்க்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா சொல்லுறியள்?"

"சிவலட்சுமி டொட் கொம். வவுனியாவில ஒரு புடவைக்கடைக்காரர் கேட்டவர்."

விசயம் இதுதான். இரண்டு வருசத்துக்கு முன் இவர் போனில் ஒரு வீடியோ பார்த்தார். இணையத்தில் கடை திறக்கிறவர்களுக்குப் பெயர் வேண்டுமாம். நல்ல பெயர்களை முந்திப் பதிந்து வைத்தால், பிறகு ஆட்கள் தேடி வந்து கேட்ட விலைக்கு வாங்குவார்களாம். யாழ்ப்பாணத்தில் படிக்கிற எங்கள் மகள் நிருஷாவைப் பிடித்து உடனே நான்கு பெயர் பதிவித்தார். மன்னார்க் கருவாடு, முருங்கன் நெல்லு, மன்னார்க் கழுதை, சிவலட்சுமி. மன்னாரில் கழுதைகள் பேர்போனவை. கழுதைக்குப் பின்னால் ஏன் என்னை வைத்தார் என்று நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் பெயர்களுக்கு வருசா வருசம் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயர் போய்விடும். கட்டினோம். ஒருவரும் தேடி வரவில்லை.

"அப்பா, இதை விக்கிறதுக்கெண்டு இணையத்தில தரகர்மார் இருக்கினம்," என்றாள் நிருஷா.

"எருமை வித்தனான், தரகர் வைச்சே வித்தனான்? நானே விப்பன்."

இவருக்குக் கொம்பியூட்டரை மூடத் தெரியும். திறக்கத் தெரியாது. ஆகவே ஒரு பலகைக்கு வெள்ளை அடித்து, 'பெயர்கள் விற்பனைக்கு உண்டு. நேரில் கதைக்கவும்' என்று சிவப்பில் எழுதி, எங்கள் நறுவிலிக்குளம் வீட்டு வாசல் படலையில் தொங்கவிட்டார்.

அடுத்த நாளே லெட்சுமணன் என்றொரு தம்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஐயா, மகன் பிறந்திருக்கு. சதய நட்சத்திரம். என்ன பேர் குடுப்பியள்?"

இவர் முழித்தார். நான்தான் குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தேன். "'கோ'வில வையுங்கோ தம்பி. கோகுலன் எண்டு வையுங்கோ."

அந்தத் தம்பி இரண்டு தேங்காய் வைத்துவிட்டுப் போனார். இந்த வியாபாரத்தில் நாங்கள் கண்ட முதல் வருமானம் அது.

அதே பலகையைப் பார்த்துத்தான் வவுனியாக்காரரும் காரை நிறுத்தினாராம். எனக்கோ அந்தப் பெயர் வேண்டும். நான் மோர் மிளகாய் போட்டு முருங்கன் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பைக்கற்றில் சிவலட்சுமி என்றுதான் ஒட்டுகிறேன். அதே பெயரில் இணையத்தில் கடை திறந்து தருகிறேன், கனடா வரைக்கும் விற்கலாம் என்று நிருஷா சொல்லியிருந்தாள்.

"என்ர பேரை எனக்குத் தாங்கோவன்."

"தாறன். அவர் குடுக்கிற விலையைத் தா."

"இருபத்தாறு வருசம் சமைச்சுப் போட்டனானே, அதுக்கு?"

"அது குடும்பம். இது வியாபாரம்."

அன்று முழுக்க ஒரே யோசனை. புடவைக்கடைப் பையில் என் பெயர் ஏறிவிடும். பஸ்ஸில் இடமில்லாவிட்டால் அந்தப் பையை விரித்து அதன்மேல் குந்துவார்கள்.

நல்ல வேளை, வவுனியாக்காரர் பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்றுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நான்கு பெயருக்கும் காசு கட்ட வேண்டும் என்றாள் நிருஷா. உழவு மெசினுக்கு ரயர் மாற்றியதில் இவரிடம் ஒரு பெயருக்குத்தான் காசு இருந்தது.

"சிவலட்சுமி மட்டும் காணும். மற்றதெல்லாம் போனால் போகட்டும்," என்றார்.

வேறு நேரமென்றால் அந்த வசனத்துக்கு அழுதிருப்பேன்.

கனடாவில் இருக்கிற தங்கை நிஷாந்திக்குப் போன் எடுத்தேன். அவளுடைய கணவர் கஜேந்திரன் அங்கேயே பிறந்தவர். என் கணவர் அவருடைய குரலைக் கேட்டதே இல்லை. அன்று பின்னேரம் இவருடைய போன் அடித்தது.

"மிஸ்டர் தில்லைநாதன்? நான் றொகான். மன்னார்க் கழுதை உங்களிட்டையோ?"

இவர் கதிரையை விட்டு எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். "ஓம் ஓம், என்னட்டைதான்!"

"அடுத்த மாசம் எடுக்கிறன். வேற ஆருக்கும் குடுத்துப்போடாதையுங்கோ."

மூன்று நாளில் மூன்று கோல். வியாழக்கிழமை இவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"இஞ்சேர், சிவலட்சுமியை விடுவம். கழுதைக்குக் கட்டுவம்."

"என்னை விட்டுட்டுக் கழுதையையோ?"

"கோபிக்காதை. கழுதைக்கு ஆள் நிக்குது."

"அப்ப என்ர பேருக்கு நான் கட்டுறன். ஆனால் என்ர கணக்குக்கு மாத்தித் தரவேணும்."

நாளைக்குச் சும்மா போகப்போகிற பெயர். இவருடைய கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது.

"கழுதைக்கும் நீயே கட்டினால் மாத்தித் தாறன்."

நான் பெருமூச்சு விட்டேன். மூக்கைச் சிந்தினேன். பிறகு சரி என்றேன். நிருஷா மாற்றிவிட்டாள். இவருடைய போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைப் பக்கத்து வளவு வரைக்கும் கேட்கிற மாதிரி இவரே சத்தமாக வாசித்தார்.

"மனிசியின்ர தலையில ரெண்டையும் கட்டிப்போட்டன்," என்று பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணரிடம் வேலியால் சொல்லிச் சிரித்தார். நான் உள்ளே இருந்து சிரித்தேன்.

சிரிப்பு இரண்டு நாள்தான் நின்றது. மனுசன் குளிக்கப் போனாலும் போனோடு போகிறார். றொகான் எடுத்தால் பதறாமல் கதைக்க வேண்டுமென்று கிணற்றடியில் நின்று தனியே கதைத்துப் பழகுகிறார். எனக்குப் பாவமாய் இருந்தது. பிரசர் கூடினால் என்ன செய்வது?

"நிஷாந்தி, வேண்டாமெண்டு பக்குவமாச் சொல்லச் சொல்லு. மனுசன் காய்ஞ்சு போறார்."

ஞாயிற்றுக்கிழமை கோல் வந்தது. இவர் வேப்பமரத்தடிக்குப் போனார். அரை மணித்தியாலம். எனக்கு அங்கொரு சொல், இங்கொரு சொல்தான் கேட்டது. "அப்பிடிச் சொல்லாதையுங்கோ தம்பி... கழுதையும் ஒரு சீவன்தானே... உங்கட அப்பா அம்மா எந்த ஊர்?... அட, அப்ப நீங்கள் எங்கட பிள்ளையெல்லே..."

நான் ஆறுதல் சொல்ல ஆயத்தமாக இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வைத்தேன். இவர் வந்தார். ஒரே மூச்சில் குடித்தார். படலைக்குப் போய்ப் பலகையைக் கழற்றினார்.

"வித்தாச்சு!"

"எதை?"

"கழுதையை. பிள்ளையார் மேல ஆணை, காசும் கணக்குக்கு வந்திட்டுது. தரகர் வேணுமாம் தரகர்! அடுத்த கிழமை உனக்கொரு சீலை எடுத்துத் தாறன்."

அப்போது என் போன் அடித்தது. நிஷாந்தி.

"அக்கா, இவர் வேண்டாமெண்டு சொல்லத்தான் எடுத்தவர். அத்தான் கதைச்ச கதையில வாங்கிப்போட்டார். எங்களுக்கு என்னத்துக்குக் கழுதை? நிருஷாவிட்டைச் சொல்லி உன்ர கணக்குக்கே மாத்து. காசை மெல்ல மெல்ல அனுப்பு, அவசரமில்லை."

இப்போது சிவலட்சுமியும் என்னுடையது, கழுதையும் என்னுடையது.