புடிக்கல என்று நான் சொன்னது கிளட்சைத்தான்

அடுத்தவர் வண்டியில் என்ன கோளாறு என்று நமக்குத் தெரிந்தால் அதை மனதுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. தெரியாவிட்டால் வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. இரண்டுமே எனக்குக் கைவரவில்லை.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவன் நான். வாகனப் பழுது பார்க்கும் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். ‘கிளட்ச் பிளேட் தேய்மானம்’ என்று எழுதி எழுதியே எனக்கு ஜீப்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. (பிரசவ வார்டு பில்லைச் சரிபார்த்தவன், பிள்ளை பெற்றதாக நினைத்துக்கொண்ட மாதிரி.)

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. என் தம்பி கதிருக்கு முப்பத்து நான்கு வயது. பள்ளிக்கூட வாத்தியார். முன்தலையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்தது. பதினோரு இடம் பார்த்து பதினொன்றும் தட்டிப்போயிருந்தன. ஏழு இடத்தில் அவர்கள் வேண்டாம் என்றார்கள், மூன்று இடத்தில் ஜாதகம் வேண்டாம் என்றது, ஒன்று ஏன் நின்றது என்று இன்றுவரை தெரியாது. பன்னிரண்டாவதை அவனே கண்டுபிடித்தான். அந்த வயதில் திடீரென்று தட்டச்சு கற்றுக்கொள்ளச் சேர்ந்தான். எதற்குடா என்று கேட்டதற்கு, வேலைக்கு உதவும் என்றான். அங்கே சொல்லிக்கொடுக்கும் சுமதி என்ற பெண் இவனிடம் பேசியதெல்லாம், “மார்ஜின் சரியா வைங்க சார்” என்பது மட்டும்தானாம். அதை என்னிடம் சொல்லும்போது அவன் காது சிவந்திருந்தது. வீட்டுக்குப் போய் முறையாகக் கேட்கச் சொன்னான். எதையும் வாய்விட்டுக் கேட்காதவன், அதை மட்டும் கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவு செய்தேன். அன்று பௌர்ணமி. நல்ல நாள் என்று பார்த்தேனே தவிர, கிரிவலக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மனைவியின் தம்பி ஏழுமலை ஜீப்பைக் கொண்டுவந்தான். ஏலத்தில் எடுத்த கிழட்டு ஜீப். வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வயலுக்குள்ளேயே இறங்கும், ஏறும். நான், என் மனைவி, கதிர், ஏழுமலை, நான்கு பேர். தாம்பாளம் ஒன்று.

பெண் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அப்பால் ஒரு சந்தில் இருந்தது. மூன்று மணிக்கே ரோடு முழுக்கச் செருப்பில்லாத கால்கள். ஏழுமலை பெடலை முழுசாக விடாமல் அரை கிளட்சிலேயே ஊர்ந்தான். பாதி வழியில் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. கத்திய அளவுக்கு வண்டி நகரவில்லை. தீய்ந்த நாற்றம் வேறு. பெடலில் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும் என்றான் ஏழுமலை. பிளேட் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றேன் நான். பெண் பார்க்கப் போகிறோம் என்பதே எனக்கு மறந்துபோய், அந்த வீட்டு வாசல் வரை இதையே பேசிக்கொண்டு வந்தேன். அங்கே ஒரே ஒரு புங்க மரம். அதன் நிழல், கூடத்து ஜன்னலை ஒட்டி விழுந்திருந்தது. வண்டியை அந்த நிழலில் நிறுத்தச் சொன்னதும் நான்தான்.

உள்ளே எல்லாம் நன்றாகவே நடந்தது. (நான் இருந்தவரை.) சுமதியின் அப்பா ஓய்வுபெற்றவர். மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டு, மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார், நாம் கேட்டு அவர் சொல்லும்படி ஆகக்கூடாது என்பது போல. அம்மா வற்புறுத்தியதால் சுமதி ஒரு பக்திப் பாட்டுப் பாடினாள். குரல் கொஞ்சம் பலமான குரல். கதிர் சொஜ்ஜியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் அவள் அவனைப் பார்த்து, மார்ஜின் விட்டு, லேசாகச் சிரித்தாள்.

பெண் பார்த்த இடத்திலேயே அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ‘போய் சேதி சொல்லி அனுப்பறோம்’ என்று எழுந்துவிட வேண்டும். சேதி வரும்வரை பெண் வீட்டுக்காரர்கள், நாம் செருப்பு மாட்டும்போது முணுமுணுத்ததைக்கூட நினைத்து நினைத்து அர்த்தம் பார்ப்பார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கிருந்த கவலை, நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிப்பதற்குள் இந்த ஜீப் கிளம்புமா என்பதுதான். பெண்கள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

கிளட்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கோப்பில் படித்தது. ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, டாப் கியரில் போட்டு, கிளட்ச் பெடலை விட வேண்டும். எஞ்சின் படக்கென்று அணைந்தால் கிளட்ச் புடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் புடிக்கவில்லை. ஏழுமலை உள்ளே உட்கார்ந்து அப்படியே செய்தான். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எஞ்சின் அணையவே இல்லை. என் வாழ்க்கையில் ஒரு கருத்து நிரூபணமானது அன்றுதான். அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்:

“எனக்குப் பாத்ததுமே தெரியும் மச்சான். சுத்தமா புடிக்கல.”

“புடிக்கும் மாமா. கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.”

“இன்னாத்த பொறும? வயசாயிடுச்சி. சத்தம்தான் ஜாஸ்தி, இழுவ கம்மி.”

“அப்ப இன்னா பண்லாங்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஏழுமலை சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

நான் நிறுத்தவில்லை. அந்தச் சந்தே அமைதியாக இருக்க, எஞ்சினோடு போட்டி போட்ட அதே குரலில் சொன்னேன்: “வேற புதுசா பாத்துக்கலாம்டா. இத கட்டிக்கினு யாரு அழறது?”

ஜன்னலுக்கு உள்ளே பேச்சு நின்றிருந்தது. நான் அதையும் கவனிக்கவில்லை. கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். (கையில் அழுக்கே இல்லை. எதையும் தொட்டால்தானே.)

சுமதியின் அப்பா வாசலுக்கு வந்தார். பின்னாலேயே என் மனைவியும் கதிரும். அவர் குரலில் கோபம் இல்லை. “சேதி சொல்லி அனுப்பறோம்னு நீங்க சிரமப்பட வேணாங்க. சேதி வந்துடுச்சி” என்றார்.

பெண் வீட்டுக்காரர் இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, “ரொம்ப சந்தோஷங்க” என்றேன்.

வண்டி எப்படியோ செங்கம் ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். உள்ளே எந்த வார்த்தை எப்படிக் கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் ‘கிளட்ச்’ என்ற வார்த்தை காதில் விழவில்லையா என்றேன். அந்த வார்த்தையை நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அதற்குள் ஜீப் கிரிவலக் கூட்டத்தைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு நடந்த ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனாள். கதிர் பின்பக்கமாக இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்டத்தில் கலந்து நடந்தான். அவனும் எங்களைத் தாண்டிப் போனான்.

மறுநாள் ஏழுமலை ஜீப்பை மெக்கானிக்கிடம் விட்டான். எஞ்சின் ஆயில் கசிந்து பிளேட்டில் இறங்கியிருந்ததாம். ஏழுமலை சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு, ஏதோ சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி, நான் சுமதி வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் விளக்கினேன். ஆயில் கசிவு வரைக்கும் விளக்கினேன்.

சுமதியின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுவரைக்கும் வந்தவங்க ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. கிளட்ச்னு யாரும் சொன்னதில்ல” என்றார்.

நான் பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யப் போனேன். கூடத்துக் கதவருகில் நின்றிருந்த சுமதி குறுக்கிட்டாள்.

“நீங்க கிளட்சத்தான் சொன்னீங்க. நான் நம்பறேன் சார். ஆனா கேக்கறப்போ எல்லாம் என்னத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தகூடப் பொருந்தாம இல்ல. உங்க வீட்டுக்கு வந்தா, ஜீப்ப பாக்கறப்பல்லாம் அது ஞாபகம் வரும். வேணாம் சார்” என்றாள்.

ஜீப் எங்களுடையது இல்லை, மச்சானுடையது என்றேன். (இதைத்தான் சொல்லத் தோன்றியது.) அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டதாகக் கேள்வி.

கதிர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். தட்டச்சு வகுப்பை விட்டான். பதின்மூன்றாவது இடம் பார்க்க நான் எடுத்த பேச்சையெல்லாம், அண்ணா, சாப்பிட வா என்று முடித்துவிடுவான். இப்போது ஓய்வுபெற்று என் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். என் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான். கிளட்ச் கதையை அவர்களுக்குச் சொன்னவனும் அவன்தான். என் குரலில், கை வீச்சோடு, அத்தனை அழகாகச் சொல்லுவான்.

அதனால் நான் சாப்பாட்டைப் பற்றியோ சம்பந்தத்தைப் பற்றியோ ஒரு கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், பேத்தி ஆரம்பித்துவிடுவாள்: “தாத்தா, மொதல்ல எஞ்சின நிறுத்திட்டு சொல்லு.” வீடே சிரிக்கும். கதிரும் சிரிப்பான். நான் மற்றவர்களைப் பார்ப்பதில்லை, அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோருக்கும் முந்திச் சிரிப்பை நிறுத்துகிறவன் அவன்தான். நிறுத்தியதும் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான்.