மாலை போட்டால் ஊசி போடக் கூடாதாம்

இருசப்பன் சபரிமலைக்கு மாலை போடப் போகிறார் என்ற சேதி பரவியதும், மணலூர்பேட்டையில் முதலில் கவலைப்பட்டவர் கறிக்கடைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே தூக்குவாளியோடு வந்து நிற்கிற ஆள் அவர். இப்படிப்பட்ட மனுசனுக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது பக்தி என்று ஊரே மண்டையைக் குடைந்துகொண்டது. காரணம் இருசப்பனுக்கு மட்டும் தெரியும். அதன் நீளம் ஒரு அங்குலம். அதற்குப் பேர் ஊசி.

அவரைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரும்பு வெட்டும்போது காலில் கத்தி பட்டதற்கு, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மிச்ச வரிசையையும் வெட்டி முடித்தவர். கல்வராயன் மலையில் கரடிக்கு நேருக்கு நேர் நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஊசியைக் கண்டால் மட்டும் அவர் போன இடம் தெரியாது.

அவர் மனைவி மலர்விழிக்குத் தசை நோய். கல்யாணமாகி நாலாம் வருசம் படி ஏற முடியவில்லை என்றாள். பிறகு குடம் தூக்க முடியவில்லை. இப்போது உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். உடம்பிலுள்ள தசையெல்லாம் ஒவ்வொன்றாக, சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுகொண்டிருந்தன. வேலைக்கு ஒழுங்காக வருவது நாக்கு ஒன்றுதான் என்பார் இருசப்பன். மூளையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. எப்போதும் அவர் கோட்டை விடுவது அங்கேதான்.

போன வருசம் கள்ளக்குறிச்சி டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தா நாலு நாள் படுத்துட்டு எழுந்திருச்சிடுவீங்க. இவங்களுக்கு அப்படி இல்ல. இருமறதுக்குக் கூட தசையில பலம் வேணும். சளியைத் துப்ப முடியாம அது நுரையீரல்ல போய் உட்கார்ந்துக்கும். அதனால வருசா வருசம் இவங்க ஊசி போட்டுக்கணும். கூட இருக்கறவங்களும் போட்டுக்கணும். இவங்கள தினம் யாரு தூக்கறது?"

"நான்தாங்க," என்று இருசப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்ப நீங்க கட்டாயம் போட்டுக்கணும்."

நிமிர்த்திய நெஞ்சை அவர் அப்படியே கீழே இறக்கிக்கொண்டார்.

மலர்விழி சட்டென்று போட்டுக்கொண்டாள். அடுத்தது இவர். நர்ஸம்மா ஊசியைத் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டியதைக் கதவு சந்தில் பார்த்தார், அவ்வளவுதான். கால்கள் அவரைக் கேட்காமலே டீக்கடைக்குப் போய்விட்டன. பக்கத்து மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்திரி வாங்கிக் கையில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வலிச்சிதா?" என்றாள் மலர்விழி.

"எனக்கா?" என்று சிரித்தார்.

தை மாசம் ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிப் போனவர், அங்கே லாரி வரிசையில் இரண்டு நாள் கிடந்துவிட்டு, கரும்பை இறக்கிக் காய்ச்சலை ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு அவருக்குப் பசித்தது. அடுத்த வாரம் மலர்விழிக்கு மூச்சு முட்டியது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, புஸ் புஸ்ஸென்று காற்றைத் தள்ளும் ஒரு இயந்திரம். "வூட்ல எல்லாரும் ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்ட நர்ஸிடம் "போட்டோம்" என்றார் இருசப்பன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

அவள் பிழைத்துத்தான் வந்தாள். ஆனால் அந்த ஒரு சொல் அவர் மேல் கரும்புச் சுணை போல ஒட்டிக்கொண்டது. கழுவினால் போகவில்லை, நினைத்த நேரமெல்லாம் அரித்தது. தான்தான் அவளைப் படுக்கவைத்தோம் என்று அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருசம் செத்தாலும் போட்டுக்கொள்வது என்று ஐயனார் மேல் சத்தியம் செய்திருந்தார்.

அந்த அடுத்த வருசம் வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை ஊசி. மலர்விழி தனக்கான ஊசியைப் போன வாரமே போட்டுக்கொண்டுவிட்டாள். இருசப்பன் முருங்கை மரத்தடியில் நின்று, ஓடிப்போக நல்ல ஊர் எது என்று யோசித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் காசியம்மாள் துணி காயப்போட்டாள். அடுத்த வீட்டுக்காரி. மலர்விழிக்குத் தலை வாரிவிடுகிறவள்.

"இன்னா இருசண்ணே, மூஞ்சி பேயறைஞ்சாப்பல கீது?"

"புதங்கெழம ஊசி போடணுமாம்மா."

"அட பாவமே. மாலை கீலை போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம். மாலை போட்டவங்களுக்கு ஊசி குத்தக் கூடாதாமே, ரத்தம் வரக் கூடாதுன்னு?"

அவள் பாவாடையைப் பிழிந்து உதறிவிட்டுப் போய்விட்டாள். இருசப்பன் முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊசிக்கு ஊசியும் தப்பும், மலர்விழியைச் சாமி பார்த்துக்கொள்ளும். ஒரே மாலையில் இரண்டு காரியம்! தனக்கு இத்தனை மூளை இருப்பது இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"நான் மாலை போடப்போறேன்," என்றார் வீட்டுக்குள் வந்து.

"இன்னா திடீர்னு?" என்றாள் மலர்விழி.

"உனுக்காகத்தான். வேண்டுதல்."

"சந்தோசம். அப்ப ஊசி?"

"மாலை போட்டா ஊசி போடக் கூடாது. ரத்தம் வரக் கூடாதில்ல? போன வருசம் போட்டதே கீதே, அது போதாதா?"

"அது ஊசிப்போச்சாம். வருசா வருசம் கிருமி வேசத்த மாத்திக்குதாம், டாக்டரம்மா சொன்னாங்க."

"இன்னா இருந்தாலும் சாமி குத்தம் ஆயிடும்."

"மாலையே ஊசியில கோக்கறதுதானே?"

"அது பூமாலை. இது துளசிமணி."

"சரிங்க சாமி," என்றாள் மலர்விழி. இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்து இருசப்பன் பார்த்ததில்லை. அப்போதே உசாராகியிருக்க வேண்டும்.

கார்த்திகை முதல் தேதி கோயில் வாசலில் குருசாமி சுப்புராயன் கையால் மாலை ஏறியது. பதினெட்டு தடவை மலைக்குப் போய்வந்தவர் அவர். விதிகளை வரிசையாகச் சொன்னார். கறி கூடாது, செருப்பு கூடாது, சவரம் கூடாது, காலையும் மாலையும் தலைக்குப் பச்சைத்தண்ணி, பொண்டாட்டியையும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். மலர்விழியைத் தூக்கி உட்காரவைப்பது உன் விரதத்தில் சேர்த்தி என்றும் சொன்னார். அதன்பிறகு இன்னும் ஒன்று சொன்னார். இருசப்பன் அப்போது எதிர்க்கடையில் பொரிகிற மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் தும்மல் பிடித்துக்கொண்டது. அடைமழையில் பச்சைத்தண்ணிக் குளியல் வேறு என்ன செய்யும்? முதல் தும்மலுக்கே மலர்விழியின் முகம் வெளுத்துவிட்டது. இது அவள் எதிர்பார்க்காதது.

"சாமி, நீங்க கொட்டாயிலயே இருங்க. இங்க வராதீங்க," என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

மாட்டுக் கொட்டகையில் பசுமாட்டுக்குப் பக்கத்தில் அவருக்குக் கட்டில் போடப்பட்டது. அவளைத் தூக்கவும் சாய்க்கவும் காசியம்மாளும் அவள் மகளும் வந்து சிரமப்பட்டார்கள். இருசப்பன் அதைத் தூரத்திலிருந்து பார்த்தார். காசியம்மாளுக்கு இடுப்பைப் பிடிக்கிற இடம் தெரியவில்லை. தனக்குத் தெரியும். ஆனால் போக முடியாது.

ஒரு காலையில் வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. பலமே இல்லாத, பாதியில் நின்றுபோகிற அவளுடைய இருமல். கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாண்டிச்சேரி இயந்திரத்தின் சத்தம் காதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"காசியம்மா! அவளுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லண்ணே! மொளகா தாளிச்சேன், நெடி!"

பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் அழுதார். பசு பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

தும்மல் அடங்கி நாலு நாள் கழித்து வீட்டில் கன்னி பூஜை. முதல் தடவை மலைக்குப் போகிற சாமி வீட்டில் மற்ற சாமிகளுக்கெல்லாம் பூஜை வைத்துச் சோறு போடுவது வழக்கம். பஜனை முடிந்தது. இலை போட்டாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மலர்விழி மெதுவாக வாயைத் திறந்தாள்.

"குருசாமி, ஒரு சந்தேகம். மாலை போட்டவங்க ஊசி போட்டுக்கக் கூடாதுங்களா?"

"யாரும்மா சொன்னது?" என்றார் குருசாமி. "எனக்குச் சக்கரை ஜாஸ்தி. தெனம் ரெண்டு வேள என் வவுத்துல நானே குத்திக்கறேன். பதினெட்டு வருசமும் ஊசியோடதான் மலை ஏறியிருக்கேன்."

இருசப்பன் அவசர அவசரமாக உப்பு எடுக்க எழுந்தார்.

"உக்காருங்க சாமி," என்றாள் மலர்விழி. "குருசாமி, மாலை போட்டவங்க பொய் சொல்லலாங்களா?"

"கூடவே கூடாது. மொத நாளே சொல்லியிருக்கேனே."

மீன் பொரிந்த நேரம் அது என்று இப்போதுதான் இருசப்பனுக்கு விளங்கியது.

"அப்ப எங்க சாமிய ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன வருசம் ஊசி போட்டீங்களா?"

கூடத்தில் இருந்த அத்தனை கறுப்பு வேட்டியும் அவர் பக்கம் திரும்பியது. போட்டேன் என்ற சொல் பழக்கதோசத்தில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கழுத்தில் மாலை இருந்தது. எதிரே மலர்விழி இருந்தாள். அவர் மாலையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"போடல," என்றார். "பயந்துட்டேன். உன்ன நான்தாம்மா படுக்க வெச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. குருசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு மொத வேலையா போயி போட்டுக்கினு வா சாமி" என்றார்.

"சரி, சோறு ஆறுது. எல்லாரும் சாப்பிடுங்க," என்றாள் மலர்விழி.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் இருசப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "சாமியே..." என்று ஆரம்பித்தார். "சரணம்" வருவதற்குள் "முடிஞ்சிடுச்சி, எந்திரிங்க" என்றார் நர்ஸம்மா.

அவர் எழுந்திருக்கவில்லை. மயக்கமோ என்று நர்ஸம்மா தண்ணீர் கொடுத்தார். மயக்கமில்லை. இவ்வளவுதானா? இத்தனூண்டு வலிக்குப் பயந்தா அவளை அந்த முகமூடிக்குள் கிடக்கவிட்டோம்? பெரிதாக வலித்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

சாயங்காலம் வழக்கம்போல அவளை நாற்காலியிலிருந்து தூக்கினார். கட்டிலுக்குப் போகிற வழியில் அவள் தலை அவருடைய இடது கையில், பிளாஸ்திரி மேல் சாய்ந்தது.

"ஆ!" என்று கத்தினார்.

"ம். இந்த வருசம் போட்டிருக்கீங்க," என்றாள்.

"எப்பிடிச் சொல்ற?"

"போன வருசமும் இதே கைதான். இதே மாதிரிதான் சாஞ்சேன். நீங்க பாட்டுப் பாடிக்கினு தூக்கினு போனீங்க."

இருசப்பன் அவளைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கே தெரியுமா? அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். மாலை கழுத்தில் இருந்ததால் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சும்மா இருந்துட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. தை மாசம் மூச்சு முட்டினப்ப அதத்தான் நெனச்சேன். இந்த வருசம் வுடக் கூடாதுன்னுதான் மாலை போட வெச்சேன்."

"நீயா?" அவருக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. "மாலை போட்டது என் சொந்த யோசனம்மா! அன்னிக்கு வேலியாண்ட காசியம்மா ஏதோ பேச்சுவாக்குல சொன்னா, நான்தான் கப்புனு புடிச்சிக்கினேன்."

அடுப்படியிலிருந்து காசியம்மாள் சிரிப்பது கேட்டது.

"காசியம்மாவ வேலியாண்ட அனுப்பினது யாரு சாமி?" என்றாள் மலர்விழி.