உமர் பாரூக் தம் பீரங்கி லென்ஸை ஏலக்களத்தில் மீட்ட படலம்

வைகை வற்றினும் வற்றாப் புகழுடைய மதுரை மாநகரில், கீழவாசல் கடைவீதியில், கொண்டியும் கீலும் பூட்டும் சாவியும் குவிந்த இரும்புக் குன்றின் கோமானே, பழைய கேமரா லென்ஸ் எந்நாட்டு ஏலத்தில் ஒளிந்திருப்பினும் பாய்ந்து கவரும் பருந்தே, உமர் பாரூக்கே, நீர் வாழ்க. உம் வெற்றியைச் சொல்லத் துணிந்தோம். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி அருகே மட்டும் முழுவீச்சில் வீசும் சிக்னலே, சொல்லி முடிக்கும்வரை அறுந்துவிடாமல் அருள்க.

அவ்வீரரிடம் ஒரு லென்ஸ் இருந்தது. லென்ஸ் என்பது வழக்கு கருதிச் சொல்வது. கண்டவர் பீரங்கி என்றே அஞ்சுவர். பனிநாட்டுப் பட்டறையொன்றில் பிறந்து, பல கைகளில் வளர்ந்து, இணைய ஏலத்தில் எண்ணற்ற எதிரிகளைச் சாய்த்து அவர் கவர்ந்துவந்த, தொலைவை அருகழைக்கும் டெலி லென்ஸ் அது. அதன் தோல்பெட்டியோ பீரோவின் நடுத்தட்டை இண்டு இடுக்கு விடாமல் தனிக்குடையின்கீழ் ஆண்டது. அதைக்கொண்டு அவர் தொடுத்த போர் ஒன்றே ஒன்று. மாடியில் நின்று அழகர்கோவில் மலையைக் குறிவைத்தார். படத்தில் விழுந்ததோ அடுத்த தெரு டிஷ் ஆண்டெனாவும், அதன்மேல் அமர்ந்திருந்த காகத்தில் பாதியும். அந்தப் பாதிக் காகத்தின் இறகழகை, வீட்டுக்கு வந்தவர் எவரும் வியக்காமல் படியிறங்கியதில்லை.

இல்லத்தரசி அமீருன்னிசாவோ ஊசியையே வேலாக ஏந்திய வீராங்கனை. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்துகொடுப்பவர். முகூர்த்த மாதம் பிறந்ததும், முத்தும் ஜரிகையும் பதித்த பிறர்வீட்டு ரவிக்கைகள் அலையலையாய்த் திரண்டுவந்து, கட்டிலைக் கைப்பற்றி, நாற்காலிகளை நிரப்பி, சமையலறை வாசலில் பாசறை அமைத்தன. மணப்பெண் ஒருத்தியின் பட்டு ரவிக்கையில் சால்னா தெறித்த அன்று, அவர் கணவர்முன் வந்து நின்று பிரகடனம் செய்தார்:

"பீரோல எனக்கு ஒரு தட்டு வேணும். அந்தப் பெட்டிய வித்துருங்க. இம்புட்டு நாளா நான் ஒண்ணுமே கேட்டதில்ல."

குரல் சற்றும் உயரவில்லை. அதனாலேயே வீரர் நடுங்கினார்.

நடுங்கினாலும் மதி கலங்கவில்லை. ஏல ஆப்பில் லென்ஸை ஏற்றினார்; ஏற்றும்போதே அது விலைபோகாதிருக்க வியூகமும் வகுத்தார். விளக்கை அணைத்துப் படம் பிடித்தார். உள்கண்ணாடியில் பூஞ்சை, சுழற்றும் வளையம் இறுக்கம், பெட்டியைத் திறந்தால் பூண்டு வாடை என்று, இருந்த குறைகளோடு இல்லாதவற்றையும் சேர்த்து எழுதினார். அந்தோ, இத்தனை உண்மை பேசும் விற்பனையாளரை எங்கும் கண்டதில்லை என்று மயங்கி, லென்ஸ் பித்தர்கள் எட்டுத் திசையிலிருந்தும் தேனீப்படையாய் வந்து மொய்த்தனர். அவர்களுள் முதன்மையானவன் நாரைப்பித்தன் என்னும் பெயர் பூண்டு முகம் மறைத்த ஒருவன். "சார், இதுல நாரை எடுக்கலாமா?" என்று அவன் அனுப்பிய ஒற்றைக் கேள்வி, நச்சுக்கணைபோல் வீரரின் நெஞ்சில் பாய்ந்தது.

ஞாயிறு நண்பகல். ஏலம் முடியும் வேளை. கீழே பிரியாணி தம்மில் இருக்க, மேலே காயும் துணிகளின் நிழலில், வெந்த தரையில், ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார் உமர் பாரூக். நாரைப்பித்தன் முந்திக்கொண்டிருந்தான். தம் கையில் பாதிக் காகம் தந்த லென்ஸ், பிறன் கையில் முழு நாரை தந்துவிடுமோ என்று நினைத்த மாத்திரத்தில், பெற்ற பிள்ளையைப் பகைவன் தேரில் ஏற்றிவிட்டவர்போல் அவர் உள்ளம் பதைத்தது.

அப்போது நினைவுக்கு வந்தது அந்த மறைபடை. முன்பொருமுறை இனி லென்ஸ் வாங்கக்கூடாது என்று வீட்டில் தடையாணை பிறந்தபோது, பரவையில் வசிக்கும் மச்சினன் சிராஜின் பெயரிலும் போன் எண்ணிலும் அவரே ஒரு கணக்குத் திறந்து, தம் போனிலேயே ஒளித்துவைத்திருந்தார். தன் பொருளைத் தானே ஏலம் கேட்பது போர்நெறி அன்று. அந்நெறியை வீரர் நன்கறிவார். அறிந்தும் கட்டைவிரல் அழுத்தியது. நாரைப்பித்தன் ஏறினான், சிராஜ் ஏறினார். அவன் மீண்டும் ஏறினான். மடை உடைந்த கண்மாய்போல், மதம் கொண்ட களிறுபோல், சிராஜ் மேலும் மேலும் ஏறினார். கடைசிக் கணத்தில் நாரைப்பித்தன் வாளைத் தாழ்த்தினான். திரையில் வாழ்த்து மலர்ந்தது. உமர் பாரூக் கண்மூடி நின்றார். வியர்வை அவருக்கு வெற்றிமாலை சூட்டிற்று.

படியில் காலடி கேட்டது. அமீருன்னிசா கையில் போனோடு வந்தார். ஸ்பீக்கரில் தம்பி சிராஜின் குரல்.

"அக்கா, மச்சானோட பீரங்கிய நான் ஏலத்துல எடுத்துட்டேனாம். மெசேஜ் மேல மெசேஜ் வருது. நான் பாட்டுக்குச் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்."

அமீருன்னிசா கணவரைப் பார்த்தார். "அவனுக்கு எதுக்குங்க அது?"

"நாரை எடுக்கணும்னான்."

"நானா?" என்றது ஸ்பீக்கர்.

அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். திரையைவிட்டு இன்னும் எழாத கட்டைவிரலைப் பார்த்தார். எல்லாம் விளங்கிற்று. சினம் எழவில்லை; உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது. பின் தீர்ப்பு பிறந்தது:

"நல்லதாப் போச்சு. தம்பி எடுத்தது தம்பிட்டயே இருக்கட்டும். நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க. சிராஜு, மச்சான் கேட்டாலும் திருப்பிக் குடுத்துறாத."

"சரிக்கா. ஆனா அம்புட்டுப் பெருச நான் எங்க வைக்கிறது?"

மறுநாள் காலை, பகைவரை வென்று பொருளை இழந்த பேரரசன்போல் தோல்பெட்டியைத் தோளில் சுமந்து வீரர் படியிறங்க, தெருவளைவில் அவர் தலை மறையுமுன்னே, முத்தொளிரும் ரவிக்கைகள் நிரைநிரையாய்ச் சென்று நடுத்தட்டில் கொடியேற்றின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உமர் பாரூக் பஸ் ஏறிப் பரவைக்குப் போய், லென்ஸைத் துடைத்து வைத்துவிட்டு வந்தார்.